புதன்கிழமை மூட்டை

மூட்டையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு தெற்கு வேலியோரம் நின்றேன்.

புதன்கிழமை காலை, ஒன்பதேகால். நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

மூட்டைக்குள் என் வேட்டி இரண்டு, ஞானாம்பிகையின் சேலை இரண்டு, ஒரு கம்பளி, பனங்கட்டி ஒரு குட்டான்.

நாங்கள் வில்பத்துக் காட்டுக்குப் போகவிருந்தோம். வேட்டைக்கு அல்ல, பார்ப்பதற்கு. போன வருடந்தான் அரசாங்கம் அதைத் தேசிய வனமாக்கியது. இனி அங்கே துவக்குச் சத்தம் இல்லை.

கடிதப் போக்குவரத்து முழுவதும் என்னுடையது. மூன்று மாதத்தில் ஐந்து கடிதங்கள். காட்டுப் பங்களாவில் வெள்ளியும் சனியும் தங்க அனுமதி வந்தது. ஆகவே வியாழனன்று ரயில் ஏற வேண்டும்.

வியாழன் தெற்கே சூலம்.

சண்டிலிப்பாயிலிருந்து எந்தக் காட்டுக்குப் போவதென்றாலும் தெற்குத்தான்.

சூலத்துக்கும் வழி உண்டு. முதல்நாள் நல்ல நேரத்தில் பயண மூட்டையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம். மேற்கு வீட்டு நல்லம்மா மூட்டையை வாங்கி வைக்க ஆசையோடு இருந்தார்.

"இஞ்சருங்கோ, போற திக்கிலை இருக்கிற வீட்டிலைதான் வைக்க வேணும். தெற்கு வீட்டிலை வையுங்கோ. இல்லாட்டி நான் வரமாட்டன்," என்றாள் ஞானாம்பிகை. முற்றத்தில் நின்று, வேண்டியதைவிட உரத்துச் சொன்னாள்.

தெற்கு வீடு என் அண்ணை சீவரத்தினத்தினுடையது.

ஆறு வருடங்களாக நாங்கள் கதைப்பதில்லை. வேலி அடைத்த அன்று ஒரு கதியால் அரை முழம் தள்ளி நடப்பட்டது. எந்தப் பக்கம் தள்ளி என்பதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் நாங்கள் நுழைந்து போய்வந்த பொட்டை அன்றைக்கே கிடுகு வைத்துக் கட்டிவிட்டோம்.

இன்று காலை அந்தக் கிடுகை நான் அவிழ்த்தேன்.

கூப்பிட வாய் வரவில்லை.

மாசிப் பனி விலகாமல் நின்றது. அண்ணையின் புகையிலைத் தோட்டம் அதற்குள் காடாகக் கிடந்தது.

இப்படியொரு பனியைத்தான் ஞானாம்பிகை வாரக்கணக்காக முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள். பனிக்குள் ஒரு குளம். வில்லு என்கிறார்கள் அங்கே. கரையில் மான்கள். அவள் மானைக் கண்டதே இல்லை. ஆனாலும் கொம்பின் கிளை எத்தனை, காது எந்தப் பக்கம் மடியும் என்றெல்லாம் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு அந்தக் குளத்தின் குளிர் என் கால்விரல்களிலும் பட்டிருந்தது.

பங்களாக் காவலர் கனிசியஸ் பதில் கடிதத்தில் எழுதியிருந்தார்: கூப்பிடக் கூடாது. கிட்டப் போகக் கூடாது. அசையாமல் நின்றால் அதுவாக வரும்.

பனிக்குள் ஏதோ அசைந்தது.

முதலில் ஒரு கால், கணுக்கால் வரை ஈரமண். பிறகு மடித்துக் கட்டிய வேட்டி. அது நின்றது. தலை இந்தப் பக்கம் திரும்பியது.

மூச்சை மெதுவாக விட்டேன்.

இன்னும் இரண்டு எட்டு. காதோரம் முழுவதும் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்ததென்று எனக்குத் தெரியாது.

திறந்துகிடந்த பொட்டைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

எங்கோ ஒரு காகம் கத்தியது. போய்விடுவார் என்று நினைத்தேன். கைகள் கடுத்தன. நான் மூட்டையை இறக்கவில்லை.

அண்ணையின் இரண்டு கைகளும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து மூட்டையை வாங்கின.

"எந்தப் பஞ்சாங்கத்திலையடா தெற்கு வீடெண்டு போட்டுக் கிடக்கு? உன்ரை மனுசி புதுசா ஒண்டு அச்சடிக்கிறாவோ?"

திரும்பிப் பார்த்தேன். ஞானாம்பிகை கிணற்றடியில், நிறைந்து வழிகிற குடத்துக்கு இன்னும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை மூட்டையைத் தோளில் வைத்தார். உடனே போகவில்லை. பனியைப் பார்த்தபடி நின்றார்.

"மானைக் கண்டால், வந்து எனக்கும் ஒருக்காச் சொல்லு, தம்பி."

ஒன்றை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஞானாம்பிகைக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

கார்த்திகையில் காட்டு இலாகாவுக்கு எழுதிய முதற் கடிதத்திலேயே, வருவோர் என்ற இடத்தில், நான் மூன்று பெயர்கள் எழுதியிருந்தேன்.