காற்றோட்டமான வீடு

"இன்ஹேலர வெளிய எடுத்துராதே மகன்!"

வேனை விட்டு இறங்கும்போதே நஃபீஸா மகனின் சட்டைப் பையை அமுக்கிவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மூச்சு முட்டும் வருத்தம் இருப்பது தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

ஹுனைஸ் சிரித்தான். பாலாவிச் சந்தி தாண்டியதிலிருந்தே அவனுக்கு அது தேவைப்படவில்லை. கற்பிட்டிக் கடல் காற்றை ஓசியில் கிடைத்த விருந்து போல இழுத்து இழுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

கொழும்பில் அவன் குடியிருப்பது ஓர் அடுக்குமாடி பிளட்ஸின் ஏழாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் பக்கத்துக் குசினிப் புகை. லிஃப்ட் ஓடுகிற நாளைவிடப் படுத்துக் கிடக்கிற நாள்தான் அதிகம். பாதிப் படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவான். "இடத்த மாத்துங்க, இல்லாட்டி மருந்து கூடிக்கொண்டேதான் போகும்" என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம்தான் கல்யாணம். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு கொடுப்பது பெண் வீட்டார்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்க வேண்டும். தரகரிடம் சொல்லியனுப்பினான்: "கைக்கூலி வாணாம், நக வாணாம், வாகனம் வாணாம். காத்தோட்டமான ஒரு ஊடு போதும்."

தங்கமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். தங்கமான பிள்ளை தான் வேலை செய்யும் வங்கியில், இந்தப் பக்கத்துப் புத்தளம் கிளைக்கு மாற்றமும் கேட்டு வாங்கிவிட்டது. நாள் குறித்ததும் அதைச் சொல்லி எல்லாரையும் அசத்தத் திட்டம்.

பெண்ணின் வாப்பா லத்தீப் ஹாஜியார் லேசாக நொண்டியபடி வந்து ஸலாம் சொன்னார். அவருக்குப் பின்னால், வளவின் கடல் பக்கத்தில், புதுப் பெயின்ட் மணக்க ஒரு வீடு நின்றது. ஹுனைஸின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"கால்ல என்ன மாமா?"

"கொழும்புக்கு ஒரு அலுவலாப் போய் மாடி ஏறினன் மகன். முழங்கால் இன்னும் நோகுது."

"கொழும்பெண்டா அப்படித்தான் மாமா" என்றான், பட்டவனின் அனுதாபத்தோடு.

மணப்பெண் றிஸ்மினா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, வந்த சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு உள்ளே போனாள். கடல் காற்றுக்காக வந்தவன் ஒரு நிமிஷம் மூச்சு விடவே மறந்துபோனான். அவனுக்குப் பெண்ணையும் மெய்யாகவே பிடித்துவிட்டது.

"என்ன மகன், செல்லுங்க?"

"எனக்குச் சம்மதம் மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்!"

பேரீச்சம்பழத் தட்டு சுற்றி வந்தது. நாளும் குறித்தாயிற்று. ஹுனைஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஜன்னல் வழியாகப் புது வீட்டைக் காட்டினான்.

"மாமா, அந்த ஊட்டுக்கு நல்ல காத்து வருமென்ன?"

"அதுவா? அது பட்டத்தப் புடிச்சிக்கொண்டு கடல்ல சறுக்குற வெள்ளக்காரங்களுக்கு வாடகைக்கு உடக் கட்டினது." ஹாஜியார் பெருமையோடு அவன் தோளில் கை போட்டார். "கொழும்புல வேல செய்ற புள்ளைய இங்க இழுத்துக் கஷ்டப்படுத்துவமா? உங்களப் பத்தி விசாரிக்கக் கொழும்புக்கு வந்த அண்டே, நீங்க கேட்ட மாதிரிக் காத்தோட்டமா ஒண்டப் பாத்து, பேசி, எழுதியும் முடிச்சிட்டன்."

"எ... எங்க மாமா?" ஹுனைஸின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"உங்கட பிளட்ஸ்லயேதான் மகன், மூணு மாடி மேல!"