சாமி கொடுத்த காண்டிராக்ட்

பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்தது. மூன்று பிள்ளைகள் செத்தார்கள். கட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை.

வல்லத்துக்கு அந்தாண்டை சின்ன ஊர். செத்ததில் ஒருத்தி லூர்துமேரியின் மூத்த மகள். சின்னவன் இப்போது மரத்தடியில் படிக்கிறான். புதுக் கட்டடத்துக்கு மறுபடி டெண்டர். நாளைக்கு உறை பிரிக்கிறார்கள்.

காண்டிராக்டர்கள் மூன்று பேர். வெளியே போட்டி, உள்ளே கூட்டு. செஞ்சியில் ஓர் அம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பார்கள். கலியபெருமாளுக்கு மல்லி, அரிகிருஷ்ணனுக்கு அரளி, இராமச்சந்திரனுக்குச் சாமந்தி. இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டால் பூசாரி ஒன்றை எடுப்பார். எவன் பூ வருகிறதோ அவனுக்கு வேலை. மற்ற இருவரும் தொகையைக் கூட்டி எழுதிப் பங்கு வாங்கிக்கொள்வார்கள். விழுந்த பள்ளிக்கூடம் மல்லிக்கு வந்த வேலை. மிச்சத்தில் வாங்கிய சிமெண்டில் கூரை எப்படி நிற்கும்?

ஊருக்கே தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

லூர்துமேரி பூசாரியிடம் போனாள்.

"ஐயா, மெட்ராசுலேர்ந்து சட்டசபைக் கமிட்டி வருது. பொட்டலம் எடுத்தது நீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாமி முன்னால நடந்ததை வெளியில சொல்றது வழக்கம் இல்லம்மா."

"புள்ளைய குழியில வெக்கறது மட்டும் வழக்கமா?"

பூசாரி தட்டைத் துடைத்தார். "போம்மா. வேல கெடக்குது."

வாசலில் அவள் புருஷன் அடைக்கலராஜ் நின்றிருந்தான். "இன்னா சொன்னாரு?"

"வழக்கம் இல்லியாம்."

"கோயிலுக்கு வெள்ளையடிச்சுக் குடுத்தது கலியபெருமாளு. இவரு எங்க வாயத் தொறப்பாரு?"

அன்று மத்தியானமே கமிட்டி வந்தது. யூனியன் ஆபீசில் விசாரணை.

"மூணு உறை, மூணு தொகை. கொறச்சலா கேட்டவருக்குக் குடுத்திருக்கோம். எல்லாம் சட்டப்படி" என்றார் அதிகாரி.

கமிட்டித் தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "கூட்டு சேர்ந்தாங்கன்னா, கண்ணால பாத்தது யாரு?"

"கூட்டே இல்லீங்க" என்றார்கள் காண்டிராக்டர்கள் மூவரும். கலியபெருமாளுக்குப் பின்னால் பூசாரி மாலையோடு நின்றார். லூர்துமேரி கையை நீட்டினாள். "அவரக் கேளுங்கய்யா."

"இங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் பூசாரி.

"தூ" என்றது ஒரு குரல்.

கலியபெருமாள் சிரித்தான். "ஐயா, அம்மன் கோயில் பக்கந்தான். ஒரு தரிசனம் பண்ணிட்டுப் போலாம்."

போனார்கள். கூட்டமும் பின்னால் போனது. லூர்துமேரி வாசற்படியோடு நின்றாள்.

பூசாரி தலைவருக்கு மாலை போட்டார். கற்பூரம் ஏற்றினார். தட்டைச் சாமிக்குக் காட்டவில்லை. மூன்று காண்டிராக்டர்களுக்கும் நடுவில் நீட்டினார்.

"ஆபீசுல கேட்டீங்க. அங்க இவங்க எது வேணா சொல்லுவாங்க. இங்க கேளுங்க" என்றார் தலைவரிடம். "பூக் கட்டலன்னு இந்தக் கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா நான் பொய்யன்."

கற்பூரம் எரிந்தது. கமிட்டி முன்னால் கூசாமல் பொய் சொன்னவர்களின் கைகள். ஒன்றும் எழவில்லை. இராமச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாளைக்குப் பிரிக்கப் போறதுக்கும் பூப் பாத்தாச்சு. மறுபடி மல்லிதான் வந்துது. கலியபெருமாளு" என்றார் பூசாரி. "எடுத்த கை என்னுது. என்னையும் சேத்து எழுதிக்குங்க."

தலைவர் மெட்ராசுக்குத் திரும்பவில்லை. மறுநாள் தாமே உட்கார்ந்து உறையைப் பிரிக்க வைத்தார். கலியபெருமாளுடையதுதான் குறைச்சல்.

டெண்டர் ரத்து. மூன்று பேர்மேலும் வழக்கு. கோயிலுக்கு வேறு பூசாரி வந்தான்.

"கமிட்டி வந்துதான் நம்ம புள்ளைங்க பொழைச்சுது" என்று ஊர் பேசிக்கொண்டது.

லூர்துமேரி அன்றைய ஜெபத்தில், மாதா படத்துக்கு முன்னால், செத்த மகளின் பேரைச் சொல்லி முடித்தபின், உயிரோடிருக்கும் ஒருவர் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

பூசாரி பொன்னுசாமி.