பன்னிரண்டு மணி நேரம்

“பன்னிரண்டா?”

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படிவத்தை மறுபடி பார்த்தாள். பன்னிரண்டுதான்.

“ஏம்மா கென்னா, பக்கத்துல ஒரு சைபர் போட மறந்துட்டியா?”

“இல்லை, மிஸஸ் வெல்டர். பன்னிரண்டு மணி நேரம்தான்.”

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை வேலை முடிந்து மற்ற எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு உணவுப் பை கட்டுகிற வேலை. அதற்கு மார்லிஸ்தான் தலைவி. தொண்டு செய்ய வருகிற பிள்ளைகள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதித் தருகிற படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். பின்வாசலில் நின்று பைகளைக் கொடுக்கிற பெவ், மிச்சமிருந்த பீன்ஸ் டப்பாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு இந்தப் படிவம்?”

“மாநிலப் பல்கலைக்கழகத்துல ஹானர்ஸ் பிரிவுக்குப் போடறேன்.”

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. முப்பதாயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம். அதில் முந்நூறு பேரை மட்டும் பொறுக்கி எடுத்து, தனி விடுதி, தனி வகுப்பு என்று தாங்குகிற பிரிவு அது. அவள் மகன் ட்ரென்ட்டும் அதற்குத்தான் போட்டிருக்கிறான்.

“மார்க் எப்படி?”

“எல்லாத்துலயும் ஏ.”

“மார்க் யாரு வேணா வாங்கலாம்மா. மனசு எப்படின்னு பாக்கத்தான் இந்தப் படிவத்தைக் கேக்கறான். எங்க ட்ரென்ட்டுக்கு நூத்தியிருபது மணி நேரம். போன வாரம்தான் என் கையாலயே எழுதி அனுப்பினேன்.”

“நூத்தியிருபதா?” பெவ் திரும்பினாள். “நான் அவனை உள்ள அஞ்சாறு தடவைதானே பாத்திருக்கேன்!”

“வெளிய கார்ல இருப்பான். அவன் ஓட்டிட்டு வரலைன்னா நான் எப்படி வர்றது? நான் பண்ற தொண்டுக்கு அவன் பண்ற தொண்டு அது.”

“கார்ல உக்காந்து போன் கேம்ல ஜோம்பியைச் சுட்டுட்டு இருப்பானே, அதுவும் சேர்த்தியா?”

“நீ டப்பாவைப் பாரு, பெவ்.”

மார்லிஸ் மறுபடி கென்னாவிடம் வந்தாள்.

“குறைஞ்சது எத்தனை மணி நேரம் கேக்கறாங்க, தெரியுமில்ல?”

“அறுபது.”

“தெரிஞ்சுமா பன்னிரண்டைத் தூக்கிட்டு வந்தே?”

“இருக்கறதை அனுப்பிப் பாக்கலாம்னுதான். ஹானர்ஸ் கிடைச்சா விடுதி இலவசம். கிடைக்கலைன்னா, ஸ்கூல் முடிஞ்சதும் வான்கோழி வெட்டற ஆலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வேலை செய்யற அதே வரிசையில.”

“ஆசை மட்டும் இருந்தா போதுமா? ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம வர்றே. வாரத்துக்கு மூணு மணி நேரம். வந்து என்னத்தைக் கிழிச்சே? பன்னிரண்டு மணி நேரம்தான் வேலை பாத்தேன்னு நீயே எழுதியிருக்கே. மிச்ச நேரமெல்லாம் சுவத்தைப் பாத்துட்டா நின்னே?”

கென்னாவின் கழுத்து சிவந்தது.

“வாய்க்கு வந்ததைப் பேசாதே, மார்லிஸ்” என்றாள் பெவ். “லாரியிலேர்ந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கறது யாரு? தேதி போன டப்பாவைத் தேடித் தேடி எடுக்கறது யாரு? இவதான்.”

“அப்ப ஏன் எழுதலை? அடக்கமாம்! இந்தக் காலத்துப் பிள்ளைங்க அடக்கத்தைக்கூட மேடைபோட்டுக் காட்டுதுங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, மார்லிஸுக்குக் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. காலையில்தான் எல்லாரையும் கைகோக்க வைத்து, ‘எளியவர்களைத் தாங்குகிற மனசைத் தாரும் ஆண்டவரே’ என்று ஜெபம் பண்ணியிருந்தாள். பேனாவை எடுத்தாள்.

“சரி, போனா போகுது. கர்த்தர் பேரால ஒரு உதவி பண்றேன். பன்னிரண்டை அடிச்சிட்டு அறுபதுன்னு போட்டுடறேன். யாரு வந்து கேக்கப் போறான்?”

“வேண்டாம், மிஸஸ் வெல்டர்.”

பேனா அப்படியே நின்றது.

“என்ன, வேண்டாமா?”

“பன்னிரண்டுக்கே கையெழுத்துப் போடுங்க. ப்ளீஸ்.”

“பாத்தியா பெவ், திமிரை! கைகொடுத்துத் தூக்கிவிடலாம்னு பாத்தா, கையையே தட்டிவிடறா! இவளுக்கெல்லாம் ஹானர்ஸ் ஒரு கேடு. போ, போய் வான்கோழியை வெட்டு.”

பெவ் வாயைத் திறந்தாள். கென்னா அவளைப் பார்த்து, ‘வேண்டாம்’ என்று தலையை அசைத்தாள். பிறகு மேஜையின் மீதிருந்த படிவத்தை மார்லிஸ் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தாள்.

“நான் கணக்குத் தப்பாப் போடலை, மிஸஸ் வெல்டர். அப்பாவுக்கு வேலை இருந்த நாலு வாரத்தை மட்டும்தான் எழுதியிருக்கேன். மத்த சனிக்கிழமையெல்லாம் வேலை முடிஞ்சதும் பின்வாசலுக்குப் போய் வரிசையில நின்னு, எங்க வீட்டுக்கும் ஒரு பை வாங்கிட்டுத்தானே போனேன்... அதை எப்படித் தொண்டுன்னு எழுதறது?”