ஆறாவது எலும்பு

டாக்டர் பேனா மூடியால் எண்ணினார்.

விளக்குப் பலகையில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தில், கடைசி விலா எலும்புக்குக் கீழே தொடங்கினார். ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கினார். ஆறில் நின்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனை இருக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது.

"முதுகுத்தண்டுல இடுப்புப் பக்கம் பெரும்பாலும் அஞ்சு எலும்புதாம்மா இருக்கும். சிலருக்கு ஒண்ணு கூடுதலா இருக்கும், சிலருக்குக் குறைவா இருக்கும். பொறப்பே அப்படி. அதனால ஒரு கெடுதலும் இல்ல. ஆபரேஷன்னு வராத வரைக்கும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் நாச்சிமுத்து சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நர்ஸ்தான் அங்கே படுக்க வைத்திருந்தாள்.

"ஸ்கேன்ல பார்த்தா, நரம்பை அழுத்துற ஜவ்வு நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இருக்கு. உங்க ஊர்ல ஆபரேஷன் பண்ணவங்க கீழேருந்து எண்ணியிருக்காங்க. இவருக்கு ஒண்ணு கூடுதலா இருக்கறதைக் கவனிக்கல. அதனால கெட்டுப்போன ஜவ்வை விட்டுட்டு, அதுக்கு அடுத்தாப்ல கீழ இருக்கற ஜவ்வுல கைவச்சிட்டாங்க."

"அப்ப அந்த ஆபரேசனு?"

"நல்லா இருந்த இடத்துல பண்ணியிருக்காங்க. கெட்டுப்போன இடம் அப்படியேதான் இருக்கு."

அப்படியே.

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவன் முனகிக்கொண்டுதான் இருந்தான். புரண்டால் முனகல். எழுந்தால் முனகல். தறிப் பட்டறையில் துணி மடித்துவிட்டு அவள் சாயங்காலம் வரும்போது, காலையில் படுத்திருந்த இடத்திலேயே படுத்திருப்பான்.

ஒரு நாள் அவளுடைய அண்ணன் போனில் விசாரித்தார்.

"எல்லாம் நடிப்புங்ணா," என்றாள் அவள். "ஆபரேசனே பண்ணியாச்சு, இன்னும் என்ன வலி? வேலைக்குப் போக ஒடம்பு வளையல. அவ்வளவுதான்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவன் காதில் விழட்டும் என்றுதான் கூடத்தில் நின்று பேசினாள்.

அன்றோடு முனகல் நின்றது.

பார்த்தாயா, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தான் ஜெயித்துவிட்டதுபோல இருந்தது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போகத் தொடங்கினான். படியிறங்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வான். அவள் அதைப் பார்க்காதவள்போல டிபன் பாக்ஸை நீட்டுவாள்.

பிறகு அவன் பட்டறையிலேயே விழுந்தான். முதலாளி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இந்த டாக்டரிடம் காட்டச் சொன்னதும் அவர்தான்.

"ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கணும்," என்றார் டாக்டர். கட்டில் பக்கம் திரும்பினார். "நாச்சிமுத்து, போன ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல வலி கொஞ்சமாவது குறைஞ்சுதா?"

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"குறைஞ்சு இருந்துச்சுங்க."

"நிஜமா?"

"ஆமாங்க. நல்லாவே குறைஞ்சுது."

டாக்டர் மறுபடி படத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"குறைஞ்சுதுன்னா நான் யோசிக்கணும். மறுபடி திறக்கறது சின்ன விஷயம் இல்ல. இப்போதைக்கு மாத்திரை தர்றேன். கொஞ்ச நாள் பார்ப்போம்."



அவன் சொன்னதை அப்படியே விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வலி குறைந்தது உண்மையென்றால், அவள் அண்ணனிடம் சொன்னதும் பாதியாவது உண்மையாகிவிடும். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவனும் எதுவும் கேட்க மாட்டான்.

அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல.

"பொய்யிங்க டாக்டர்."

அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

"ஒரு நாளும் கொறயலீங்க. நடிக்கறாருன்னு நாந்தான் சொன்னேன். அவருக்குக் கேக்கற மாதிரியே சொன்னேன். அதுக்கப்பறம் வலிக்குதுன்னு வாயே தொறக்கறதில்லீங்க."

டாக்டர் எழுந்து கட்டிலருகே வந்து அவனை மல்லாக்கப் படுக்க வைத்தார். முழங்காலை மடக்கவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பிடித்து மெதுவாக உயர்த்தினார்.

ஒரு சாண் உயரம்கூட இல்லை. அவன் கைகள் கட்டில் கம்பியை இறுக்கின. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி முழுக்க வியர்வை.

சத்தம் மட்டும் வரவில்லை.

"வலிக்குதா?"

"பரவால்லீங்க."

இப்படித்தான் இருந்திருக்கிறான். இவ்வளவு நாளும். பக்கத்தில் அவள் படுத்திருக்கும்போதே.

அவள் தலைமாட்டில் போய் நின்று குனிந்தாள்.

"ஏனுங்க."

அவன் கண்ணை உயர்த்தினான்.

"கத்துங்க."

அவன் நம்பாமல் பார்த்தான்.

"நாந்தான் சொல்றனுங்க. கத்துங்க."

டாக்டர் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

அவன் கத்தினான்.

கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"போதும், போதும். தெரிஞ்சுபோச்சு," என்று டாக்டர் காலை இறக்கி மெத்தையில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டார்.

அவன் நிறுத்தவில்லை.