மழை பெய்யாத இரவு

தாசில்தார் கேட்ட மழைக்கணக்கை எடுக்க, மழைமானிப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் என் மருமகள் வெண்ணிலா கணினியின் கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டுகிறாள். நேற்றிரவு எங்கள் ஊர் சுத்துக்கேணியில் மழை பூஜ்ஜியம் என்று வருகிறது. பக்கத்து வயல் இன்னாசிமுத்துவின் நாற்றை மூழ்கடிக்க வரப்பை வெட்டிவிட்டு மழைமேல் பழிபோட்ட என் மகன் அரிகரன், சேறு காயாத கையால் அவள் தலைமயிரைப் பிடிக்கிறான். “எண்பது மில்லிமீட்டர் மழைன்னு மாத்துடி.” “கைய வெட்டினாலும் மாத்தமாட்டேன்.” அவள் நெற்றி மேசையில் மோதுகிறது. விசைப்பலகையில் ரத்தம் சொட்டுகிறது. என் தடி அவன் மணிக்கட்டில் இறங்குகிறது. எலும்பு முறியும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. “நம்ப வூட்டுப் பேரு போயிடும்பா” என்று தரையில் கிடந்து முனகுகிறான். “போயிடுச்சுடா” என்கிறேன். “நீ அனுப்பும்மா.” வெண்ணிலா முகத்தைத் துடைக்காமலே என்டரை அழுத்துகிறாள்.