புது டயர் பழகும் வரை

ரிட்டயரான கையோடு கலிவரதன் தன் பதினைந்து வயதுக் காருக்கு ரேஸ் கார் ரகத்தில் நாலு டயர் வாங்கிப் போட்டார். "மேல இருக்கிற வழவழப்பு தேய்ஞ்சாதான் சார் ரோட்டைப் பிடிக்கும். மொதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க" என்றார் விழுப்புரம் டயர்க்கடை ஜகபர் சாதிக்.

அது போதாதா? தினமும் காலையில் திண்டிவனம் கிளம்பிவிடுவார். அங்கே டாக்டர் வேண்டாமென்ற போண்டா நாலு, பழைய சிநேகிதர்களோடு சீட்டு. பொழுது சாயத்தான் திரும்புவார்.

"இன்னும் எத்தினி நாளைக்குங்க இப்படி உருட்டிக்கினு இருப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி தையல்நாயகி.

"உனக்கென்னடி தெரியும்? இப்ப பிரேக்கை அழுத்தினா வழுக்கிக்கினு செங்கல்பட்டுல போய் நிக்கும். பழகிடுச்சுன்னா உடும்புப் பிடி! சுவத்துலகூட ஏறும்!"

நான்காம் நாள் மீட்டரில் முந்நூறு முடிந்தது. நாளையிலிருந்து வீட்டில் கேப்பைக் கூழ்தான். நேரே டயர்க்கடைக்கு ஓடினார்.

"தம்பி, எங்க வீட்டம்மா கேட்டா ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டணும்னு சொல்லிடுப்பா."

ஜகபர் தலையைச் சொறிந்தார். "அது முடியாதுங்க சார்."

"ஏம்ப்பா?"

"காலையிலயே அம்மா போன் பண்ணிட்டாங்க. நாலு நாளா சமையல்கட்டுல யாரும் வந்து யோசனை சொல்றதில்லையாம், வீடே அமைதியா இருக்குதாம். உங்ககிட்ட ரெண்டாயிரம்னு சொல்லச் சொன்னாங்க!"