போட்டோவில் இருந்த நாய்

மூடிக்கிடந்த பெட்ரோல் பங்கை அறுபது வருஷத்துக்கு முன்னால் இருந்தபடியே ஆக்கிக் காட்டுவதாக, புது முதலாளி ஒரு பழைய போட்டோவோடு வந்தார். துருப்பிடித்த பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அதன் நிழலில் படுத்திருந்த நாயைக் கல்லெறிந்து விரட்டினார்கள்.

"அண்ணே, எங்கம்மா, அவங்கம்மா, எல்லாரும் பொறந்தது உங்க காலடியிலதானே?" என்றது நாய்.

"போட்டோல இருக்கிறதுதான் இருக்கணுமாம். முதலாளி பிடிவாதக்காரர்" என்றது பம்பு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் முதலாளி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டோவை உற்றுப் பார்த்தார். பம்பின் காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. பதறிப்போனவர் அதே இடத்தில் அவசரமாகச் சிமெண்டில் ஒரு நாய் செய்து வைத்தார்.

விழாவில் எல்லோரும் சிமெண்ட் நாயைத் தடவிக்கொடுத்தார்கள். நம்மையும் தடவுவார்கள் என்று நிஜ நாய் வாலாட்டிக்கொண்டு உள்ளே வந்தது. வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் நாய் சிமெண்ட் நாயை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தது. பிறகு பம்பின் புதுப் பெயிண்ட் மேல் நிதானமாகக் காலைத் தூக்கியது.

பம்பு கோபித்துக்கொள்ளவில்லை.

"இப்பத்தான்டா பழைய பங்கு மாதிரி இருக்கு" என்றது.